டார்வின் அமைத்த வேலை மேஜை

நான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தந்தையுடன் விளையாட வேண்டும் என்று ஆசை. தந்தையோ வேலையில் ஆழ்ந்திருந்தார். எழுந்து வந்து விளையாடினால் ஆறு பென்ஸ் தருவதாகச் சிறுவன் ஆசை காட்டினான்! அந்த வீட்டில் தந்தையின் வேலை நேரம் எவ்வளவு மதிப்புள்ளது என்பது குழந்தைக்குக்கூடத் தெரிந்திருந்தது.

அந்தத் தந்தைதான் சார்லஸ் டார்வின். உயிரினங்கள் படிப்படியாக மாறி வந்த வரலாற்றை உலகுக்கு விளக்கிய விஞ்ஞானி. அவர் நாளெல்லாம் உழைத்தவர் அல்ல. வாழ்நாளில் பெரும் பகுதி நோயாளி. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் வேலை செய்தால் அதுவே அதிகம். அந்த நான்கு மணி நேரத்தில் ஒரு நிமிடமும் வீணாகாதபடி அவர் தம் அறையையும் மேஜையையும் அமைத்துக்கொண்டார். அவருடைய வெற்றியின் ரகசியங்களில் அதுவும் ஒன்று.

கப்பலில் கற்ற பாடம்

டார்வின் 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். தந்தை டாக்டர். மகனும் டாக்டராக வேண்டும் என்று எடின்பரோவுக்குப் படிக்க அனுப்பினார். மகனுக்கு அந்தப் படிப்பு பிடிக்கவில்லை. பிறகு கேம்பிரிட்ஜில் படித்துப் பட்டம் பெற்றார்.

1831-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி 'பீகிள்' என்ற கப்பலில் உலகம் சுற்றப் புறப்பட்டார். அவருக்குக் கிடைத்தது கப்பலின் பின்புறத்தில் ஒரு சிறிய அறை. அதையும் மற்றவர்களுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும். அறையின் நடுவே கடல் வரைபடங்கள் தயாரிக்கும் பெரிய மேஜை. அதற்கு மேலேதான் டார்வினின் தூளிப் படுக்கை தொங்கியது. அவர் நல்ல உயரம். கால் நீட்ட இடமில்லை. ஒரு இழுப்பறையைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த இடைவெளியில் கால்களை நுழைத்துத் தூங்கினார்!

ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இந்த வாழ்க்கை. அந்த நெருக்கடியில் ஒரு பொருளை எடுத்தால், எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாக வேண்டும். தமது ஒழுங்கான வேலை முறைக்கு அந்தக் கப்பல் அறையே காரணம் என்று பிற்காலத்தில் அவர் தம் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு.

நாற்காலியே மேஜை

1839-ல் எம்மா வெட்ஜ்வுட் என்ற உறவுப் பெண்ணை மணந்துகொண்டு லண்டனில் குடியேறினார். நகர வாழ்க்கை அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விருந்துக்குப் போய் வந்தால் நடுக்கமும் வாந்தியும் வாட்டின. ஆகவே 1842-ல், அந்நாளில் கெண்ட் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த டௌன் என்ற கிராமத்தில் ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு போனார். நாற்பது ஆண்டுகள், இறக்கும் வரை, அதுவே அவர் இருப்பிடம்.

அங்கே அவர் எழுதிய விதம் விசித்திரமானது. உயரமான ஒரு சாய்வு நாற்காலி. அதன் கால்களில் சக்கரங்கள். நாற்காலியின் இரு கைகளுக்கும் குறுக்கே துணி ஒட்டிய ஒரு பலகை. அதுதான் அவர் எழுதும் மேஜை.

நுண்ணிய ஆராய்ச்சிக்கு வேறு ஏற்பாடு. ஜன்னலை ஒட்டித் தாழ்வாக ஒரு கனமான பலகை. முன்னே சுழலும் முக்காலி. இடது பக்கம் சுழலும் வட்ட மேஜை. அதைச் சுற்றிலும் இழுப்பறைகள். நல்ல கருவிகள், முரட்டுக் கருவிகள் என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருக்கும். எழுந்து நடக்க வேண்டியதில்லை. மேஜையைச் சுழற்றினால் வேண்டியது கைக்கு வரும். பாறையிலும் கப்பலின் அடியிலும் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்ற சிறு பிராணியை எட்டு ஆண்டுகள் ஆராய்ந்தாரே, அத்தகைய வேலைக்கு உதவியது இந்த ஏற்பாடுதான்.

எட்டாத பொடி ஜாடி

டார்வினுக்கு மூக்குப்பொடிப் பழக்கம் உண்டு. அறையிலேயே வைத்துக்கொண்டால் கை அடிக்கடி அதைத் தேடும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே பொடி ஜாடியை வெளியே கூடத்து மேஜையில் வைத்தார். எழுந்து போக வேண்டுமே என்ற தயக்கமே ஒரு கட்டுப்பாடு. வேண்டிய கருவி அருகில், கவனத்தைக் கலைப்பது தூரத்தில். இதுதான் அவர் வகுத்த முறை.

காலை எட்டு முதல் ஒன்பதரை வரை வேலை. பிறகு கடிதங்கள். பத்தரை முதல் பன்னிரண்டு வரை மீண்டும் வேலை. அப்புறம் மணல் பாதையில் உலா. எத்தனை சுற்று என்று எண்ணுவதிலும் மனத்தைச் செலவிடமாட்டார். பாதை ஓரம் கற்களைக் குவித்து வைத்து, சுற்றுக்கு ஒரு கல்லாக உதைத்துத் தள்ளுவார்!

மறதிக்கு மருந்து

தம் ஞாபக சக்தி மங்கலானது என்பதை அவர் ஒளிக்கவில்லை. ஒரு தேதியோ, கவிதையின் ஓர் அடியோ சில நாட்களுக்கு மேல் மனத்தில் நிற்காது. ஆகவே முப்பது, நாற்பது பெரிய உறைகளை வைத்துக்கொண்டார். விஷயத்துக்கு ஓர் உறை. படித்த குறிப்புகள் உடனே அதற்குரிய உறைக்குள் போகும். புத்தகம் கனமாக இருந்தால் இரண்டாகக் கிழித்துவிடுவார். அவருக்குப் புத்தகம் அலங்காரப் பொருள் அல்ல, கருவி.

1858-ம் ஆண்டு ஜூன் மாதம் சோதனை வந்தது. இருபது ஆண்டுகளாக அவர் சிந்தித்து வந்த அதே கொள்கையை எழுதி, ஆல்பிரட் வாலஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர் கீழ்த்திசைத் தீவுகளிலிருந்து கடிதம் அனுப்பியிருந்தார். அதே மாதம் டார்வினின் கைக்குழந்தை விஷக் காய்ச்சலில் இறந்தது. ஜூலை முதல் தேதி லண்டனில் இருவர் கட்டுரைகளும் வாசிக்கப்பட்டபோது, துயரத்தில் இருந்த டார்வின் அங்கே போகவில்லை.

ஆனால் பாதி எழுதிய பெரிய நூலும், உறைகளில் சேர்த்த குறிப்புகளும் தயாராக இருந்தன. பதின்மூன்று மாதங்களில் 'உயிரினங்களின் தோற்றம்' நூலை எழுதி முடித்தார். 1859-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி அது வெளிவந்தது.

திரையிலும் ஒரு மேஜை

1882-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி டார்வின் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். டௌன் இல்லத்தில் அவருடைய வேலை அறையை இன்றும் பார்வையாளர்கள் காணலாம்.

இன்று மேஜை, கம்ப்யூட்டர் திரைக்குள் வந்துவிட்டது. 'டெஸ்க்டாப்' என்ற பெயரே மேஜையிலிருந்து வந்ததுதான். அதிலும் பல வகை. லினக்ஸ் கம்ப்யூட்டரில் 'நோம்' என்ற அமைப்பு திரையைக் காலியாக விட்டு, கையில் உள்ள வேலையை மட்டும் காட்டும். 'கே.டி.இ.' எதையும் விருப்பம்போல் மாற்றிக்கொள்ள இடம் தரும். 'எக்ஸ்.எஃப்.சி.இ.' எளிமையானது, பழைய இயந்திரத்திலும் ஓடும்.

இவற்றில் எது சிறந்தது என்று பிறரைக் கேட்பதால் பயனில்லை. டார்வினின் சக்கர நாற்காலி இன்னொருவருக்கு முதுகுவலியைத்தான் தந்திருக்கும். எது கைக்கெட்ட வேண்டும், எந்தப் பொடி ஜாடி கூடத்துக்குப் போக வேண்டும் என்பதை அவரவர் மனத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தம் மறதியையும் சபலத்தையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அதற்கேற்ப மேஜை போட்டார் டார்வின். நான்கு மணி நேரம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.