மரவேலியில் கண்ட ஓவியங்கள்

ஃபிரான்ஸ் சிஷெக் 1865ஆம் ஆண்டு பொஹீமியாவில் பிறந்தார். அப்பகுதி அன்று ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. இன்று செக் குடியரசில் உள்ளது. 20 வயதில் ஓவியம் கற்பதற்காக அவர் வியன்னா நகருக்கு வந்து, அங்கிருந்த நுண்கலைக் கழகத்தில் சேர்ந்தார். கையில் பணம் அதிகம் இல்லை. அதனால், ஒரு தச்சரின் குடும்பத்தோடு வாடகைக்குத் தங்கினார்.

சிஷெக் வண்ணம் தீட்டுவதை அவ்வீட்டுப் பிள்ளைகள் ஆர்வத்தோடு பார்ப்பார்கள். தாங்களும் வரைய வேண்டும் என்று கேட்பார்கள். அவர் மறுக்கவில்லை. தாளும் பென்சிலும் தூரிகையும் கொடுத்தார். என்ன வரைய வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. அவர்கள் வரைந்தவற்றைப் பார்த்தபோது அவருக்கு வியப்பு உண்டானது. அவர் தங்கியிருந்த அறையின் எதிரே நீண்ட மரவேலி ஒன்றும் இருந்ததாம். தெருப் பிள்ளைகள் அதில் இடம் பிடிக்க ஒருவரையொருவர் முண்டியடித்துக்கொண்டு படம் வரைவார்கள். யாரும் கற்றுக்கொடுக்காமலேயே அவர்களால் இவ்வளவு வரைய முடிகிறதே என்று அவர் சிந்திக்கத் தொடங்கினார்.

அக்காலப் பள்ளிகளில் ஓவிய வகுப்பு எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அந்த வியப்பு நமக்குப் புரியும். கோலத்திற்கு இடுவதுபோல் தாளில் புள்ளிகள் இருக்கும். மாணவர்கள் அவற்றை இணைத்து நேர்க்கோடுகளும் வளைகோடுகளும் வரைந்து பழக வேண்டும். பிறகு, ஆசிரியர் காட்டும் மாதிரியைப் பிசகாமல் பார்த்து வரைய வேண்டும். கையும் கண்ணும் பழகின என்பது உண்மையே. ஆனால், நாற்பது பிள்ளைகள் வரைந்தாலும் நாற்பதும் ஒரே படம்தான்! குழந்தை தானாக வரைந்ததைக் கிறுக்கல் என்று பெரியவர்கள் ஒதுக்கினார்கள்.

சிஷெக் தாம் சேகரித்த குழந்தை ஓவியங்களைத் தம் கலைஞர் நண்பர்களிடம் காட்டினார். பழைய கலை மரபிலிருந்து விலகிப் புதுவழி தேடிய அவர்கள் அவற்றை இரசித்தார்கள். பள்ளி ஒன்றைத் தொடங்குமாறு ஊக்கமூட்டினார்கள். 1897ஆம் ஆண்டு சிஷெக்கின் சிறுவர் கலை வகுப்பு தொடங்கியது. சில ஆண்டுகளில் அது வியன்னாவின் கைவினைக் கலைப்பள்ளியோடு இணைக்கப்பட்டது.

அந்த வகுப்பில் கட்டணம் இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்தே அமர்ந்தார்கள். வண்ணம், களிமண், வண்ணத்தாள், துணி, மரம் என்று பல பொருள்கள் அங்கே இருந்தன. தாளை வெட்டி ஒட்டலாம். துணியில் தையல் வேலை செய்யலாம். மரத்தில் செதுக்கி அச்சு எடுக்கலாம். பிள்ளைகளை ஓவியர்களாக ஆக்குவது சிஷெக்கின் நோக்கமன்று. குழந்தையின் ஓவியம் பெரியவர்களின் ஓவியத்திற்கு முன்னேற்பாடு அன்று, அதுவே முழுமையான கலை என்று அவர் கருதினார். கை பெரிதாகவும் தலை சிறிதாகவும் இருந்தால் அதைத் திருத்தத் தேவையில்லை என்பது அவர் கொள்கை.

1908ஆம் ஆண்டு, புகழ்பெற்ற ஓவியர் குஸ்டாவ் கிளிம்ட்டும் அவர் நண்பர்களும் வியன்னாவில் பெரிய கண்காட்சி ஒன்றை நடத்தினார்கள். அதில் சிஷெக்கின் மாணவர்களுடைய படைப்புகளுக்கும் தனி அறை ஒதுக்கப்பட்டது. பெரிய கலைஞர்களின் ஓவியங்கள் இருந்த அதே கூரையின்கீழ்ப் பிள்ளைகளின் படங்களையும் மக்கள் பார்த்தார்கள்.

முதல் உலகப் போருக்குப் பின் வியன்னாவில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. பசியால் வாடிய குழந்தைகளுக்கு உதவ வந்தவர்களுள் பிரான்செஸ்கா வில்சன் என்ற ஆங்கிலப் பெண்மணியும் ஒருவர். அவருடைய முயற்சியால் சிஷெக்கின் மாணவர்கள் வரைந்த படங்கள் 1920ஆம் ஆண்டு இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டன. குழந்தைகளுக்காக நிதி திரட்டுவதே கண்காட்சியின் நோக்கம். ஆனால், அந்தப் படங்கள் ஆசிரியர்களின் கவனத்தையும் ஈர்த்தன. பிரிட்டனின் பல ஊர்களுக்கும், பின்னர் அமெரிக்காவுக்கும் அவை சென்றன. பல நாட்டு ஆசிரியர்கள் வியன்னாவுக்கு வந்து அவருடைய வகுப்பை நேரில் பார்த்தார்கள்.

வந்தவர்களுள் சிலருக்கு ஓர் ஐயம் எழுந்தது. வகுப்பில் உருவான படங்கள் பல ஒரே சாயலில் இருந்தன. அதற்குக் காரணமும் இருந்தது. சில நாள்களில் சிஷெக் இலையுதிர் காலம் போன்ற ஒரு தலைப்பைத் தருவார். முதலில் தாளைச் சுற்றி ஓரக்கோடு இட வேண்டும், உருவம் அதனுள் நிறைந்து நிற்க வேண்டும் என்றும் சொல்வார். பிள்ளைகள் வரைந்த பிறகு, எது நன்றாக அமைந்தது என்று எல்லார் முன்னிலையிலும் பேசுவார். ஆசிரியர் எதைப் பாராட்டுகிறார் என்பதைப் பிள்ளைகள் விரைவில் கண்டுகொள்வார்கள் அல்லவா? மாதிரிப் படத்தை அகற்றிவிட்டாலும் ஆசிரியரின் விருப்பம் மாதிரியாக மாறிவிடலாம். இந்தக் குறையைச் சுட்டியவர்கள் கூறியது நியாயமே. எனினும், புள்ளிகளை இணைத்த பழைய வகுப்பையும் இதையும் ஒன்றாக எண்ண முடியாது.

சிஷெக் 1946ஆம் ஆண்டு தம் 81ஆம் வயதில் வியன்னாவில் காலமானார். அவருடைய மாணவர்களின் படைப்புகளை அந்நகரின் அருங்காட்சியகம் பாதுகாத்து வருகிறது. மரவேலியில் பிள்ளைகள் வரைந்த படங்கள் மட்டும் எஞ்சவில்லை.