அத்தியட்சர் அசரியா

விருந்தினரை அழைத்தல் எளிது. வந்தவரைத் தம் அருகே அமர்த்தி, ஒரே பந்தியில் உடனிருந்து உண்ணுதல் அரிது. வாயிலில் நின்று வருக வருக என்று கூவிவிட்டு, வந்தவரைத் திண்ணையோடு நிறுத்துபவன் விருந்தோம்பினவன் ஆகான். கிறிஸ்துவின் சபைக்குப் பிறரை அழைக்கும் பணியும் இத்தன்மையதே. இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கிய பெரியார், தோர்ணக்கல் அத்தியட்சராய் விளங்கிய வேதநாயகம் சாமுவேல் அசரியா ஆவர்.

இவர் திருநெல்வேலிச் சீமையிலுள்ள வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17ஆம் நாள், குருவானவராகிய தாமஸ் வேதநாயகத்தின் மைந்தராய்ப் பிறந்தார். இளமையிலேயே தந்தையாரை இழந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் கற்றும், நோயினால் தேர்வு தடைப்படப் பட்டம் பெறாமலே வெளியேறினார். பின்னர் 1895இல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் காரியதரிசியாகித் தென்னாடெங்கும் சுற்றி இளைஞரிடையே உழைத்தார்.

1902இல் அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தம் சொந்தப் பொருளைக்கொண்டு ஊழியரைப் பிறவிடங்களுக்கு அனுப்பித் தாங்குதலைக் கண்டு நாணினார். நூறாண்டுக்கு மேற்பட்ட திருநெல்வேலித் திருச்சபையோ, அயல்நாட்டார் அளித்த நற்செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு வாளா இருந்தது. அந்நாணமே வித்தாயிற்று. 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. ஆளும் பொருளும் இந்நாட்டினவாகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் கொள்கை. 1905ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்த திருநாளில், கேரி உழைத்த சேராம்பூரில், கே. டி. பால் முதலிய நண்பருடன் கூடித் தேசிய மிஷனெரி சங்கத்தையும் நிறுவினார்.

பிறரைப் போகச் சொல்லித் தாம் இருந்துவிடுதல் அவர் உள்ளத்திற்கு ஒவ்வவில்லை. 1909இல் குருப்பட்டம் பெற்று, நைசாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல் சென்றார். மொழியோ தெலுங்கு, தமிழ் அங்கே உதவாது. முப்பத்தைந்து வயதில் சிறுவனைப் போல் அரிச்சுவடி தொடங்கினார், கூடாரத்தில் வாழ்ந்தார், மாட்டுவண்டியில் ஊரூராய்ச் சென்றார்.

1910இல் எடின்பரோவிற் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசினார். மேனாட்டு ஊழியர் செய்த தியாகத்தை நன்றியோடு போற்றிய பின்பு, இந்திய ஊழியரைத் தமக்குச் சமமானவராய்க் கருதி நட்புக் கொள்ளாமையை எடுத்துரைத்து, பொருளினும் உழைப்பினும் மேலாகிய நட்பைத் தருமாறு வேண்டினார். அவையிற் சிலர் வெகுண்டனர். எனினும் அச்சொல் உலகச் சபையின் செவியில் இன்றும் ஒலிக்கின்றது. 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் அத்தியட்சராய் அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் இவ்வுயர்நிலை எய்திய முதல் இந்தியர் அவரே.

தோர்ணக்கலில் சபையை நாடி வந்தோர் பெரும்பாலும் மாலர், மாதிகர் என்னும் தாழ்த்தப்பட்ட மக்கள். ஊரார் இவ்விரு சாராரையும் ஒதுக்கினர். இவ்விரு சாராரும் தம்முள் ஒருவரையொருவர் ஒதுக்கினர். ஒரே திருப்பந்தியில் இவர்களை ஒன்றுபடுத்துதல் எத்துணைக் கடினம்! அதற்காகவே அவர் ஓயாது உழைத்தார். ஞானஸ்நானம் பெற்றவர் ஒவ்வொருவரையும் தம் தலைமேற் கைவைத்து, நற்செய்தி அறிவிப்பது தம் கடமை என்று உறுதி கூறச் செய்தார். ஏழைப் பெண்டிரும் சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைச் சபைக்கென எடுத்து வைத்தனர். குடியும் கடனும் அழுக்கும் பிணியும் குறைந்து அம்மக்கள் தலைநிமிர்ந்ததைக் கண்ட மேற்குலத்தார் சிலரும் சபையை நாடினர். நாற்பதுகளில் அம்மண்டலத்துக் கிறிஸ்தவர் தொகை இரண்டு இலட்சத்தைக் கடந்தது. 1939இல் பிரதிஷ்டையான தோர்ணக்கல் ஆலயமோ, இந்து, இஸ்லாமியச் சிற்ப முறைகளையும் தன்னகத்தே கொண்டு, இந்நாட்டுச் சபை இந்நாட்டு உருவிலேயே வளர்தல் வேண்டும் என்னும் அவர் கருத்தைக் கல்லில் உணர்த்தி நிற்கின்றது.

அவரை மறுத்தோரும் உளர். ஏழைகளுக்குச் செய்யும் தொண்டு மதமாற்றத்தை நோக்கமாகக் கொள்ளலாகாது என்று காந்தியடிகள் கருதினார். தம் ஆன்ம நெறியைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமை ஏழைக்கும் உண்டு என்பது அசரியாவின் எண்ணம். இவ்வழக்கு இந்நாட்டில் இன்னும் தீர்ந்திலது. ஆயினும் அவரை உள்ளூறச் சுட்டது வேறொரு வினா. 1935இல் இந்து சமயத்தை நீங்குவதாக அறிவித்த டாக்டர் அம்பேத்கர், தம் மக்கள் கிறிஸ்தவராயின் எங்கும் ஒரே சபையாய் வாழ இயலுமோ, அன்றிப் பல பிரிவுகளாய்ச் சிதறுவரோ என்று அவரை வினவினார். அழைக்கப்பட்டவன், வீடு ஒன்றோ பலவோ என்று கேட்கின்றான்! விடையின்றித் தாம் வெட்கமுற்றதைப் பின்னர் அத்தியட்சரே மறைக்காது கூறினார்.

அவ்வீட்டை ஒன்றாக்க அவர் முன்னரே முயன்றவர். 1919இல் தரங்கம்பாடியிற் கூடிய குருமார் சபை ஐக்கியத்திற்கு வித்திட்டபோது தலைமை தாங்கியவர் அவரே. எனினும் 1945ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அவர் மறைந்தார். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை மலர்ந்தது. கானான் நாட்டைத் தொலைவில் நின்று கண்ட மோசேயைப் போல, அவரும் அந்நாளைக் காணாமற் சென்றார்.

நிற்க. மாணாக்க நண்பர்களே, கிறிஸ்துமஸ் கீதம் கேட்க அறைத்தோழனை நாம் ஆலயத்திற்கு அழைக்கின்றோம். அவன் வரின், நம் சபைகளில் குலம் உசாவும் வழக்கம் முற்றும் ஒழிந்தது என்று நெஞ்சறியச் சொல்ல வல்லமோ? பண்டிகை கழிந்த மறுநாள், உணவுச்சாலையில் அவனருகே உட்காருவோமோ? அசரியா விட்டுச்சென்ற கேள்வி இது. நட்பை முன்னே அனுப்புவோம். அழைப்பு அதன் பின்னே செல்லட்டும்.