கைத்துப்பாக்கியும் தாயின் கட்டளையும்

நாட்டு விடுதலைக்காக இன்னுயிர் ஈந்தோரின் வரலாற்றைப் படிக்குங்கால் அவர்தம் முடிவையே நாம் பெரிதும் நினைவிற் கொள்கின்றோம். அம்முடிவை நோக்கி அவர்களை நடத்திச் சென்ற சிறு நிகழ்ச்சிகளை மறந்துவிடுகின்றோம். ககோரி வழக்கில் தூக்குமேடை ஏறிய ராம் பிரசாத் பிஸ்மில், இளமையில் ஒரு பழைய கைத்துப்பாக்கியை வாங்கிய நிகழ்ச்சி அத்தகைய ஒன்றாகும்.

பிஸ்மில் 1897ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் ஷாஜஹான்பூரில் பிறந்தார். தந்தையார் முரளிதர், அன்னையார் மூல்மதி. மிக இளம் வயதிலேயே மணமாகிப் புகுந்த வீட்டிற்கு வந்த அவ்வம்மையார், வீட்டு வேலைகளுக்கிடையே தாமே முயன்று இந்தி எழுத்தைக் கற்றார். மகனின் கல்விக்கும் கொள்கைக்கும் அவரே பெருந்துணையானார். 1915இல் பாய் பரமானந்தருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட செய்தி பிஸ்மிலின் உள்ளத்தைச் சுட்டது. ஆங்கில ஆட்சியைப் பழிவாங்குவதெனச் சூளுரைத்த அவர், இரகசிய இயக்கத்தில் சேர்ந்தார்.

இயக்கத்திற்குப் படைக்கலம் வேண்டும். ஆனால், 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். சுதேச சமஸ்தானங்களில் அத்துணைக் கெடுபிடி இல்லை. எனவே, தம் முன்னோர் வாழ்ந்த குவாலியர்ப் பகுதிக்கு, அன்னையிடம் பெற்ற பணத்துடன் அவர் சென்றார். அங்கே தோட்டா இட்டுச் சுடும் புதுவகைக் கருவிகள் எங்குத் தேடியும் அகப்படவில்லை. ஒருவர் 75 ரூபாய் பெற்றுக்கொண்டு, ஐந்து முறை சுடக்கூடிய பழைய தொப்பி ரிவால்வர் ஒன்றைக் கொடுத்தார்.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் போர்வீரர் ஏந்திய வகை அது. அதற்குத் தோட்டா கிடையாது. ஒவ்வோர் அறையிலும் வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை அழுத்தி, பின்புறம் தொப்பி எனப்படும் சிறு வெடிமூடியைப் பொருத்த வேண்டும். சமஸ்தானத்திலேயே செய்த மருந்தும் சில தொப்பிகளும் உடன் கிடைத்தன. பெருமகிழ்வுடன் ஊர் திரும்பிய பிஸ்மில் அதைச் சுட்டுப் பார்த்தார். குண்டு பதினைந்து, இருபது கெசத் தொலைவிலேயே விழுந்துவிட்டது. மருந்து தரமற்றது. கருவி கையில் இருந்தும் அதற்கு உயிரூட்டும் பொருள் இல்லை. என்ன வாங்கி வந்தாய் என அன்னை வினவியபோது, ஏதோ கூறி மழுப்பிவிட்டு, எஞ்சியிருந்த ஒரு பொற்காசை அவரிடம் திருப்பித் தந்தார்.

மகன் செல்லும் வழியை அன்னை அறியாதவரல்லர். ஆயினும் அவர் இட்ட தலையாய கட்டளை ஒன்று உண்டு: எவருடைய உயிரும் போகலாகாது, பகைவனுக்கும் மரண தண்டனை அளித்தல் கூடாது. அக்கட்டளையைக் காக்கும்பொருட்டுத் தம் சபதத்தையே ஒன்றிரண்டு முறை பிஸ்மில் கைவிட நேர்ந்தது.

மைன்புரி வழக்கில் தலைமறைவாயிருந்த அவர், பொது மன்னிப்புக்குப்பின் 1920இல் ஊர் திரும்பினார். அப்போது அவரை நாடி வந்தவர் அதே ஊரினரான அஷ்பாகுல்லா கான். முதலில் ஐயுற்ற பிஸ்மில், பின்னர் அவரை உடன்பிறப்பாகவே ஏற்றார். ஆரிய சமாஜப் பற்றாளரும் தொழுகை தவறாத முஸ்லிமும் ஓருயிராகப் பழகினர்.

1925 ஆகஸ்ட் 9ஆம் நாள், லக்னோவை அடுத்த ககோரியில் இரயிலை நிறுத்தி அரசுப் பணத்தைக் கைப்பற்றினர். இம்முறை அவர்கள் ஏந்தியவை ஜெர்மானிய மவுசர் துப்பாக்கிகள். குவாலியரில் கிடைக்காத தோட்டாக்கள் இப்போது குறைவின்றி இருந்தன. அஷ்பாகுல்லா இத்திட்டத்தை எதிர்த்து வாதிட்டவர். எனினும் கட்டுப்பாட்டை மீறாது பங்கேற்றார். பெட்டியை உடைப்பதற்காக அவர் தம் மவுசரைத் தோழர் மன்மதநாத் குப்தரிடம் கொடுத்தார். அவர் கையிலிருந்து தவறுதலாக வெடித்த குண்டு, அகமது அலி என்னும் பயணியின் உயிரைக் குடித்தது. எவரையும் கொல்லலாகாது என்ற அன்னையின் கட்டளை அக்கணத்தில் தகர்ந்தது. வேலை செய்யாத பழைய கருவி ஏமாற்றத்தையே தந்தது. நன்கு வேலை செய்த புதிய கருவியோ, குற்றமற்ற ஒருவரின் உயிரைக் கவர்ந்தது.

1927 டிசம்பர் 19ஆம் நாள் பிஸ்மில் கோரக்பூர்ச் சிறையிலும், அஷ்பாகுல்லா பைசாபாத் சிறையிலும் தூக்கிலிடப்பட்டனர். இறுதி நாள்களில் பிஸ்மில் சிறையிலிருந்தே எழுதிய தன்வரலாறு இரகசியமாக வெளியே கொண்டுவரப்பட்டது. துப்பாக்கிக் கதையை ஒளிக்காமல் எழுதிய அவர், அதன் முடிவில் இளைஞர்க்கு விட்டுச்சென்ற வேண்டுகோள் சிந்திக்கத்தக்கது. ரிவால்வர் வைத்துக்கொள்ளும் ஆசையை விட்டொழித்து, மெய்யான நாட்டுத் தொண்டர்களாக விளங்க வேண்டும். தம் மறைவுக்கு வருந்துவோர் எவ்வாறேனும் இந்து முஸ்லிம் ஒற்றுமையை நிலைநாட்ட வேண்டும் என்பதே அது.

குண்டும் மருந்தும் தேடி அலைந்தவர், இறுதியில் நமக்கு விட்டுச்சென்ற படைக்கலம் ஒற்றுமையே. மாணவ மணிகள் அதனைக் கைக்கொள்வாராக!