காயில்ஓவரா, தனித்தனி ஸ்பிரிங்-ஷாக்கா? விடை சொல்லும் லோட்டஸ் நாயகன் காலின் சாப்மேனின் வாழ்க்கை!

ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கவங்க ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது: காயில்ஓவர் மாட்டலாமா, இல்ல நல்ல ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியா வாங்கினா போதுமா? இதற்குப் பதில் தேடினால், 1982-ல் மறைந்த ஒரு மனிதரிடம் போய் நிற்போம். அவர்தான் லோட்டஸ் கார் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மேன்.

யார் இந்த சாப்மேன்?

1928 மே 19-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் கட்டுமானப் பொறியியல் படித்தார். பாலம், கட்டடம் எல்லாம் எடையை எப்படித் தாங்குது என்று படித்த அந்தக் கண்ணோடுதான் காரையும் பார்த்தார். 1948-ல் ஒரு பழைய ஆஸ்டின் 7 காரைப் பிரித்து, தன் முதல் போட்டி காரைச் செய்தார். 1952-ல், பின்னாளில் மனைவியான ஹேசல் கொடுத்த 25 பவுண்டுடன் லோட்டஸ் இன்ஜினியரிங் தொடங்கியது.

அவர் கொள்கை ரொம்ப எளிமை: காரில் எடை குறையணும், ஒரே பாகம் ரெண்டு வேலை பார்க்கணும்.

காயில்ஓவர்னா என்ன?

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகும் கார் குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். இரண்டும் வேறு வேறு இடத்தில் இருந்தால் தனித்தனி அமைப்பு. ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருந்தால் காயில்ஓவர். இன்று கடையில் அந்தப் பெயரில் விற்பவை பெரும்பாலும் மறை போட்டு, உயரத்தை ஏற்றி இறக்கும் வசதியோடு வருகின்றன.

லோட்டஸ் மார்க் 6 காரிலேயே சாப்மேன் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒன்றாக்கிவிட்டார். 1957-ல் வந்த எலைட் காரில் இன்னும் ஒரு படி மேலே போனார். பின்சக்கரத்தைச் சுழற்றும் தண்டையே, சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தவும் வைத்தார். பின்பக்கத்து இந்த அமைப்புக்கு சாப்மேன் ஸ்ட்ரட் என்றே பெயர் வந்தது.

ஸ்பிரிங் கடினமா இருந்தாதான் ஸ்போர்ட்ஸ் காரா?

இல்லை என்று காட்டியது 1962-ல் வந்த எலான். ஸ்பிரிங் மென்மையானது, ஆனால் அதற்குச் சரியாகப் பொருந்திய ஷாக். கார் எடையும் சுமார் 700 கிலோதான். அதனால் மேடு பள்ளத்திலும் டயர் ரோட்டை விடவில்லை.

வெற்றிக்குக் கொடுத்த விலை

சாப்மேன் காலத்தில் ஃபார்முலா 1-ல் லோட்டஸ் அணி 7 கன்ஸ்ட்ரக்டர்ஸ் பட்டங்களை வென்றது. ஆனால் எடைக்குறைப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. லோட்டஸ் 72-ல் சக்கரத்தின் பளுவைக் குறைக்க, முன் பிரேக்கைச் சக்கரத்திலிருந்து எடுத்து காரின் உடலுக்குள் வைத்தார்கள். 1970-ல் மோன்சாவில் பிரேக் போடும்போது கார் திசைமாறித் தடுப்பில் மோதியது. யோகென் ரிண்ட் உயிரிழந்தார். அந்தப் பிரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு உடைந்ததே விபத்தின் தொடக்கம் என விசாரணை சொன்னது. உயிரோடு இல்லாமலே உலக சாம்பியன் ஆன ஒரே ஃபார்முலா 1 வீரர் ரிண்ட்தான். லோட்டஸ் கார்கள் வேகமானவை, ஆனா உடையக்கூடியவை என்ற பேச்சு சாப்மேனைக் கடைசிவரை விடவில்லை.

1982 டிசம்பர் 16-ல், 54 வயதில், மாரடைப்பால் இறந்தார். அவர் காலத்தில் தொடங்கிய ஆக்டிவ் சஸ்பென்ஷன் முயற்சி, 1987 மொனாக்கோவில் அயர்டன் சென்னாவுக்கு வெற்றி தேடித் தந்தது.

அப்போ எதை வாங்கலாம்?

ரேஸ் டிராக்கில் அடிக்கடி ஓட்டி, உயரத்தையும் ஒவ்வொரு சக்கரத்தின் மேல் விழும் எடையையும் சரிசெய்பவருக்கு காயில்ஓவர் உதவும். தினசரி ரோட்டுக்கு, ஒன்றுக்கொன்று பொருந்திய ஸ்பிரிங்கும் ஷாக்கும் போதும். ஷாக்கை அப்படியே விட்டுட்டு கடினமான ஸ்பிரிங் மட்டும் மாட்டினா கார் குதிக்கத்தான் செய்யும். எதை வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு: பொருத்தம், உறுதி. முதலாவதை சாப்மேனின் எலான் சொல்கிறது. இரண்டாவதை மோன்சா சொல்கிறது.