ஆர்ச்சிபால்டு பிளேர்

ஆர்ச்சிபால்டு பிளேர் (1752 - 1815) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் பம்பாய்க் கடற்படையில் பணியாற்றிய அதிகாரியும் கடல் அளவையாளரும் ஆவார். அந்தமான் தீவுகளின் கரையோரத்தை அளந்தவர் என்ற வகையில் அறியப்படுகிறார்.

அந்தமான் அளவை

இவர் 1786 இல் இந்தியப் பெருங்கடலிலுள்ள சாகோசு தீவுக்கூட்டத்தில் அளவைப் பணி செய்தார். 1788 இல் தலைமை ஆளுநர் காரன்வாலிசு பிரபுவின் அரசு இவரை அந்தமானுக்கு அனுப்பியது. புயலில் சிக்கும் கப்பல்கள் ஒதுங்கத் தக்க துறைமுகம் ஒன்றைக் கண்டறிவது முதன்மை நோக்கமாகும். இவர் எலிசபெத், வைப்பர் ஆகிய கப்பல்களுடன் சென்று 1789 வரை கரையோரத்தை ஆராய்ந்தார்.

பாரன் தீவு

1789 மார்ச்சில் பிளேர் பாரன் தீவை அடைந்தபோது அங்குள்ள எரிமலை வெடித்துக்கொண்டிருந்தது. பல டன் எடையுள்ள பாறைகள் செந்தணலாக வீசப்பட்டதை இவர் பதிவு செய்தார். நடுவிலுள்ள கூம்பின் சரிவை ஏறத்தாழ 32 பாகை எனவும், உயரத்தை ஏறத்தாழ 1800 அடி எனவும் குறித்தார். தீவின் மிக உயர்ந்த பகுதியே 354 மீட்டர் (ஏறத்தாழ 1160 அடி) என்பதால், இவரது உயர மதிப்பீடு மிகையானது எனக் கருதப்படுகிறது. எனினும் இவரது குறிப்பு இத்தீவைப் பற்றிய தொடக்ககாலச் சான்றுகளுள் முக்கியமானது. 19ஆம் நூற்றாண்டில் அடங்கிய இவ்வெரிமலை 1991 இல் மீண்டும் வெடித்தது.

குடியேற்றம்

தெற்கு அந்தமானின் கிழக்குக் கரையிலுள்ள இயற்கைத் துறைமுகத்தைப் பிளேர் தேர்ந்தெடுத்தார். 1789 செப்டம்பரில் அங்குள்ள சாத்தம் தீவில் குடியேற்றம் நிறுவப்பட்டு, போர்ட் காரன்வாலிசு எனப் பெயர் பெற்றது. ஆனால் கடற்படைத் தளத்துக்கு வடக்கு அந்தமானே ஏற்றது என்று கருதப்பட்டதால், 1792 இல் குடியேற்றம் அங்கு மாற்றப்பட்டது. புதிய இடத்தில் நோயும் இறப்பும் மிகுந்தமையால் 1796 இல் அது கைவிடப்பட்டது.

பின்விளைவுகள்

1857 எழுச்சிக்குப் பின் கைதிகளை அனுப்ப இடம் தேடிய குழு, பிளேர் தேர்ந்தெடுத்த பழைய துறைமுகத்தையே பரிந்துரைத்தது. 1858 மார்ச்சில் முதற் கைதிகள் அங்கு வந்தனர். அவ்விடத்துக்குப் போர்ட் பிளேர் என்ற பெயர் இடப்பட்டது. இவ்வாறு, இவர் வாழ்நாளிலேயே கைவிடப்பட்ட தெரிவு, இறந்து 43 ஆண்டுகளுக்குப் பின் ஏற்கப்பட்டது. கப்பல்களுக்குப் புகலிடமாகத் தேடப்பட்ட துறைமுகம் தண்டனைக் குடியேற்றமானது. அதன்பின் பரவிய தொற்றுநோய்களால், சில ஆயிரவராக இருந்த பெரிய அந்தமானியர் சில பத்துப் பேராகக் குறைந்தனர்.

2024 செப்டம்பரில் இந்திய அரசு போர்ட் பிளேர் நகரின் பெயரை சிறீ விஜயபுரம் என மாற்றியது.