கமராவோடு இலங்கை வந்த ஜூலியா

வரலாற்றுப் பாடத்தில் 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தை மனனம் செய்யாதவர் நம்மில் எவருமில்லை. அந்தக் கமரனின் மனைவி உலகறிந்த புகைப்படக் கலைஞர் என்பதையும், அவர் நம் மலையக மண்ணில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பதையும் அறிந்தவர்கள் சிலரே.

ஜூலியா மார்கரட் 1815 ஜூன் 11ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி. 1838இல் தம்மைவிட இருபது வயது மூத்தவரான சார்ள்ஸ் ஹே கமரனை மணந்தார். 1848இல் குடும்பம் இங்கிலாந்து சென்றது. பின்னர் வைட் தீவில் வீடு வாங்கி, இலங்கையிலிருந்த தம் தோட்டத்தின் நினைவாக டிம்போலா என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமராவைப் பரிசளித்தனர். தாயின் தனிமைக்கு ஒரு பொழுதுபோக்காகட்டும் என்பதே அவர்களின் எண்ணம். அப்போது அவருக்கு வயது 48. முறையான பயிற்சி இல்லை. நிலக்கரி போடும் அறையை இருட்டறையாக்கினார். கோழிக்கூட்டைப் படப்பிடிப்பு அறையாக்கினார். கண்ணாடித் தட்டில் இரசாயனம் பூசி, அது காயும் முன்பே படமெடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. கைகளும் உடைகளும் கறைபட்டன. பல தட்டுகள் பாழாயின. 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியின் படமே தமது முதல் வெற்றி என மகிழ்ந்தார்.

முகத்தை மிக அருகில், மங்கிய ஒளியில் எடுப்பது அவர் பாணி. படங்கள் தெளிவில்லை என்று புகைப்படச் சங்கத்தினர் குறை கூறினர். அவர் தம் பாணியை மாற்றவில்லை. கவிஞர் டெனிசன், விஞ்ஞானிகள் ஹேர்ஷல், டார்வின், எழுத்தாளர் கார்லைல் ஆகியோர் அவரது கமராவின் முன் அமர்ந்தனர். இன்று அந்தப் பெரியோர்களின் முகங்களை உலகம் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் இவரது படங்களால்தான்.

1875இல் கணவருடன் இலங்கை வந்தார். கோப்பிச் செடிகளை இலைநோய் அழித்துக்கொண்டிருந்த காலம். களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்தபோது உழைக்கும் மக்களைப் படமெடுத்தார். அவற்றில் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயா கிளென்கெயன் தோட்டத்தில் காலமானார். பொகவந்தலாவை தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு இறந்த கணவரும் அருகிலேயே உறங்குகிறார்.

நாற்பத்தெட்டில் தொடங்கி உலகப் புகழ் பெற்றது நமக்கு நல்ல பாடம். ஆனால் என் மனதைத் தொட்டது வேறொன்று. டார்வினின் படத்தில் டார்வின் என்ற பெயர் உண்டு. இலங்கையில் எடுத்த ஒரு படத்துக்கோ களுத்துறைக் குடியானவர்கள் என்பதே தலைப்பு. அதே கமரா, அதே அக்கறை. ஆனால் அந்த முகங்களுக்குரியவர்கள் யாரென எவரும் எழுதிவைக்கவில்லை.

இதை வாசித்த அன்று ஸ்பிரிங்வெளியில் எங்கள் வீட்டுப் பழைய அல்பத்தை எடுத்தேன். பாதிப்பேரை எனக்குத் தெரியவில்லை. உம்மும்மா ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, படங்களின் பின்புறம் பென்சிலால் பெயர்களை எழுதினேன். மூன்று படங்களில் இருப்பவர்களை அவரும் மறந்துவிட்டார். தோழியரே, உங்கள் வீட்டு அல்பத்தையும் இந்த விடுமுறையிலேயே எடுத்துப் பாருங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுவோம்.