விண்ணளந்த பெண்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1868ஆம் ஆண்டு பிறந்தவர் ஹென்ரியேட்டா சுவான் லெவிட். கல்லூரிக் கல்விக்குப் பின் நோயுற்றுச் செவித்திறனைப் பெரிதும் இழந்த அவர், ஹார்வர்டு வானாய்வகத்தில் கணிப்பாளராகப் பணியாற்றினார். தொலைநோக்கியை இயக்கும் வாய்ப்பு அந்நாளில் பெண்களுக்கு அரிது. கண்ணாடித் தகடுகளில் பதிவான வான் படங்களை ஆராய்வதே அவர்களுக்குரிய வேலை. ஊதியம் மணிக்கு 30 சென்ட்.

அத்தகடுகளில் விண்மீன்கள் கரும்புள்ளிகளாய்த் தோன்றும். வெவ்வேறு இரவுகளில் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, பருத்தும் சிறுத்தும் காணும் புள்ளிகளைத் தேடினார் லெவிட். அவையே ஒளி மாறும் விண்மீன்கள். பெரு நாட்டில் எடுத்த தகடுகளைக் கொண்டு, மெகல்லன் மேகங்கள் இரண்டில் மட்டும் 1,777 மாறொளி விண்மீன்களை 1908இல் பட்டியலிட்டார். எத்துணைப் பொறுமை!

சிறிய மேகத்தின் 25 விண்மீன்களை ஒப்பிட்டு 1912இல் அவர் கண்டது ஓர் அரிய ஒழுங்கு. ஒளி கூடிக் குறைய நெடுநாள் எடுப்பவை மிகுந்த ஒளியுடையன. அவை யாவும் ஏறத்தாழ ஒரே தொலைவில் உள்ளமையால், இவ்வேறுபாடு அவற்றின் இயல்பொளியிலேயே உள்ளது. எனவே, அருகிலுள்ள சிலவற்றின் தொலைவை வேறு வழியில் அளந்துவிட்டால், மாறும் காலத்தைக் கொண்டே ஏனையவற்றின் தொலைவை அறியலாம்.

அவ்வறிக்கை இயக்குநர் பிக்கரிங்கின் கையொப்பத்தோடுதான் வெளிவந்தது. லெவிட்டுக்கோ வேறு பணி தரப்பட்டது. 1921இல் அவர் புற்றுநோயால் மறைந்தார். ஈராண்டுக்குப் பின் ஆந்திரமேடாவில் அத்தகைய விண்மீன் ஒன்றைக் கண்ட எட்வின் ஹபிள், அது நம் பால்வீதிக்கு அப்பால் உள்ளதை லெவிட்டின் விதிகொண்டே நிறுவினார். சுவீடன் கணித அறிஞர் மிட்டாக்-லெஃப்லர், நோபல் பரிசுக்கு லெவிட்டைப் பரிந்துரைக்கக் கருதி 1925இல் மடல் எழுதினார். லெவிட் மறைந்து மூன்றாண்டு கடந்த செய்தி அவருக்கு எட்டியிருக்கவில்லை.